தன் குழாயைத் தானே அறுத்தவள்

தாராவி
11 ஆகஸ்ட் 2024

கலைச்செல்விக்கு உன் ஆச்சி சங்கரவடிவு எழுதுவது. நான் இருக்கிறேன். மழைக்கு முழங்கால் முனகுகிறது, வேறு குறையில்லை. புனேயில் மழை எப்படி? குளித்தால் தலையை ஒழுங்காகத் துவட்டு.

பேச மாட்டேன் என்றவள் எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஜூன் மாதம் உன் தாத்தாவின் வருஷத் திவசத்துக்கு நீ வரவில்லை. மூன்று மணி நேர ரயில். ஏன் வரவில்லை என்று போனில் கேட்டால், "வேலை இருக்கு ஆச்சி" என்று, நான் பேசி முடிக்குமுன் வைத்துவிட்டாய். இனி உன்னோடு பேச மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. அஞ்சாம் வகுப்பு வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பன் பாண்டுப்பிலிருந்து வந்தான். "நம்ம கல்லிய, இந்தச் சின்னத் தெருவ, கலை கேம்ல வச்சிருக்காம்மா. ஒரு பிள்ள குடத்தத் தூக்கிட்டு ஓடுது. கெட்டவங்க வந்து தண்ணிக் குழாய அறுக்காங்க" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் கீதா அத்தை கல்யாணத்தன்று சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நான் பந்தலில் நின்றது உனக்கு விளையாட்டாகப் போய்விட்டதா? அதை ஊரான் வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து விளையாடவா?

பதில் எழுது. தமிழில் எழுது.

ஆசீர்வாதமும் கோபமுமாக,
ஆச்சி


புனே
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஆச்சி,

நான் நல்லா இருக்கிறேன். உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன், ராத்திரி தேய்த்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுதி ரொம்ப நாள் ஆச்சு. ஏழாம் வகுப்போடு விட்டது. தப்பு இருந்தால் திட்டாதீங்க.

ஆமா ஆச்சி, நம்ம கல்லிதான். இந்தக் கம்பெனியில் என் வேலையே கேமுக்குக் கதை எழுதுவது. ஒரு பெண் குடத்தோடு சந்து சந்தாக ஓடணும். அவள் அக்காவுக்குக் கல்யாணம். தாத்தா விடியற்காலையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடிக்கிறார். அப்போது 'அறுப்பான் கூட்டம்' வந்து குழாயை அறுத்துவிடுகிறது. அவள் அந்தக் கூட்டத்தை ஒவ்வொருத்தராக ஜெயித்து, கடைசியில் தலைவியை ஜெயிக்கணும். தலைவியின் படம் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், பாருங்க.

ஒரு பிரச்சினை வந்திருக்கிறது. கேம் வெளியே வருவதற்கு முன்னால் சில பேரை உட்காரவைத்து விளையாடச் சொல்வோம். எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். அறுப்பான் கூட்டமும் அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறது. தன் தண்ணீரைத் தானே எதற்கு அறுக்கணும்? கெட்டவங்களுக்கும் ஒரு காரணம் வேணும்ல? சரியான காரணம் இல்லாவிட்டால் அந்தக் கூட்டத்தையே எடுத்துவிடலாம் என்கிறார் எங்கள் மேனேஜர். அதை எடுத்தால் என் கதையும் போச்சு. இதுதான் நான் தனியாக எழுதுகிற முதல் கதை. டிசம்பர் வரைக்கும் டைம் கொடுத்திருக்கிறார்.

அதனால் உங்களிடமே கேட்கிறேன். அன்றைக்கு நம்ம குழாயை பீவி பாட்டி எதற்கு அறுத்தாங்க?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
கலை


தாராவி
3 செப்டம்பர் 2024

கலைக்கு ஆச்சி எழுதுவது. தைலம் வந்தது. வாடை மூக்கைத் துளைக்கிறது. வலி குறைந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

படத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஏட்டி, அது பீவி! காது மடல் முழுக்க வளையம், கையில் ரம்பம், தலையில் முக்காடு. அதே நிற்பு. கல்லி முனையில் அவள் வீடு, நாலு வீடு தள்ளி என் வீடு. இந்தப் படம் அவள் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி உன் கேள்வி. கெட்டவளுக்குக் காரணம் தேடுகிற பிள்ளைகளும் இருக்கிறார்களா? அன்றைக்கு நடந்ததை நான் சொல்கிறேன். இரண்டாயிரத்து ஆறு, ஆவணி. விடிந்தால் முகூர்த்தம். விடாத மழை. வாழைமரம் கட்டியாயிற்று, மைக்செட்டில் பாட்டு அலறுகிறது. சாம்பாருக்குக் காய் நறுக்கிவிட்டுத் தண்ணீருக்காக நிற்கிறார்கள். கல்லி முனைக்குப் போகிறேன். பீவி கையில் ரம்பத்தோடு நிற்கிறாள். ஆறு வீட்டுக்கும் தண்ணீர் வருகிற குழாய் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. "ஏளா, என் வீட்டுக் கல்யாணம்னு தெரிஞ்சே செஞ்சியா?" என்றேன். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் உன் தாத்தா ஓடிவந்து, "வடிவு, நீ உள்ள போ. மாப்பிள்ள வீட்டாளுக வந்தாச்சு" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். அப்புறம் டேங்கர் வரவழைத்துத்தான் உலை வைத்தோம். மாப்பிள்ளையின் பெரியம்மா சொன்னாள், "தண்ணிக்குக்கூட வழியில்லாத வீடு." அவள் கட்டியிருந்த பச்சைச் சேலையும் மறக்கவில்லை, அந்தச் சொல்லும் மறக்கவில்லை.

அன்றோடு பீவியோடு பேச்சு அறுந்தது. அதற்காக வாய் சும்மா இருந்ததில்லை. குழாயடியில் நான் என் குடத்தோடு பேசுவேன். "ஏ குடமே, கண்ணு படாம வா, குழாய அறுத்த கைகாரிக நிக்காளுக." அவள் தன் பூனையோடு பேசுவாள். "ஏ பூனை, நாய் குரைக்கு, பயப்படாத." கேட்க வேண்டியவளுக்குக் கேட்கும்.

காரணம்தானே வேண்டும்? பொறாமை. அவள் மகளுக்கு அப்போது வரன் அமையவில்லை. எழுது, முடிந்தது.

நேரத்துக்குச் சாப்பிடு.
ஆச்சி


புனே
22 செப்டம்பர் 2024

அன்புள்ள ஆச்சி,

நலமா? எனக்கு இரண்டு நாள் சளி, இப்போது சரியாகிவிட்டது.

பொறாமை என்று எழுதிப் பார்த்தேன். விளையாடினவர்கள் சிரித்துவிட்டார்கள். "பொறாமைக்காக யாராச்சும் நாலு நாள் தண்ணி இல்லாம கெடப்பாங்களா? பந்தல்ல மூட்டைப்பூச்சி விட்டுட்டுப் போயிடலாமே" என்றான் ஒருத்தன். அவன் சொன்னதும் சரிதான் ஆச்சி.

எனக்கு அப்போது எட்டு வயசு. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. கல்யாணம் முடிந்த மறுநாள், அறுந்த குழாயை முனிசிபாலிட்டிக்காரர்கள் மெயினில் அடைத்துவிட்டு, நாலு நாள் கழித்துத்தான் சரிசெய்தார்கள். பீவி பாட்டி லேபர் கேம்ப் பக்கமிருந்து இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்றாக இரண்டு குடம் சுமந்து மழையில் வந்தாங்க. வழுக்கி ஒரு குடம் உருண்டது. நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீங்க. நானும் உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவங்க வாயைத் திறந்தாங்க என்று எழுதியிருக்கீங்க. என்ன சொல்ல வந்தாங்க? அப்புறம் ஒரு தடவையாவது கேட்டீங்களா?

அன்புடன்
கலை


தாராவி
29 செப்டம்பர் 2024

உன் கடிதம் கிடைத்தது. சளிக்கு ஓமத்தைத் துணியில் முடிந்து மோந்து பார்.

நான் கேட்கவா? அறுத்தவள் வாசலில் போய் நான் நிற்கவா? என் வயிற்றில் பிறந்தவனுக்குப் பிறந்தவள், உனக்கு இதைக் கேட்க வாய் வந்ததே என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கம் பேச ஆள் தேவைப்பட்டால் நீயே அவளுக்குப் பேத்தியாக இரு.

எழுதவும் மாட்டேன் இனி.

ஆச்சி


புனே
17 நவம்பர் 2024

அன்புள்ள ஆச்சி,

தீபாவளிக்கும் கடிதம் வரவில்லை. அனுப்பின சேலை பிடித்ததா என்று தெரியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது?

அப்பா சொன்னார், "ஆச்சி தெனமும் குழாயடியில போய் நிக்கா. தண்ணி புடிச்ச பெறகும் அந்தக் குழாயவே பாத்துக்கிட்டு நிக்கா" என்று. எனக்குப் பயமாக இருக்கிறது. கேம் போனால் போகட்டும். நான் வேற கதை எழுதிக்கொள்வேன். நீங்கள் ஒரு வரி எழுதுங்க.

கலை


தாராவி
8 டிசம்பர் 2024

கலைக்கு ஆச்சி எழுதுவது. சேலை நன்றாக இருக்கிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். காய்ச்சல் இல்லை. கேட்டது அப்படி.

உன் கேள்வி தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. பீவி இரண்டு குடத்தோடு வந்ததை நானும் பார்த்தேன். குடம் உருண்டபோது, நல்லா வேணும் என்று நினைத்தேன். ஆனால் தன் வீட்டுத் தண்ணீரும் போகும் என்று தெரிந்தே எதற்கு அறுத்தாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

நேற்றுக் காலையில் தண்ணீர் வரும் நேரம், குழாயடியில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் குடத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏ குடமே, தான் குடிக்கிற குழாய ஒருத்தி தானே அறுப்பாளா? அறுத்தா அதுக்கு என்னமும் காரணம் இருக்குமா?"

தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. காலடியில் பூனை. அதைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏ பூனை, இத்தன வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் கேக்கத் தோணிச்சாமா மகராணிக்கு?"

"குடமே, கேட்டதுக்குப் பதில் சொல்லச் சொல்லு."

"பூனை, அவ புருசன் மோட்டார் போட்டாரு, அதான் அறுத்தேன்னு சொல்லு."

நான் குடத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். "என்ன மோட்டாரு?"

அவளும் என்னைப் பார்த்தாள். "ஒனக்கு நெசமாவே தெரியாதா வடிவு?"

குழாயடித் திண்டில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். குடம் நிரம்பி வழிந்து ஓடியது, யாரும் மூடவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கல்யாணச் சமையலுக்குத் தண்ணி பத்தாதுன்னு ஒன் வீட்டு அய்யாத்துரை அண்ணன் மோட்டார் எடுத்தாந்து, பக்கத்துல நம்பிராஜன் வீட்டுக்குள்ள சாக்கு போட்டு மூடி வச்சிருந்தாரு. குழாய்ல தண்ணி வர முன்னாலயே ஓடவிட்டாரு. நான் விடியமுன்ன சுபுஹு தொழுக கை கால் கழுவலாம்னு குழாயத் தொறந்தேன். தண்ணி வரல, காத்த உள்ள இழுக்கு. வெளிய வந்து பாத்தா மழைக்குச் சாக்கடை ரொம்பி, குழாய் அதுக்குள்ள முங்கிக் கெடக்கு. ஒரு வெடிப்பு வழியா சாக்கடை சுழிச்சுக்கிட்டு உள்ள போவுது. எங்க போவுது? ஒன் சாம்பாருக்கு. கத்துனேன். மைக்செட்டு அலறுது, யாருக்குக் கேக்கும்? ஒவ்வொரு வீடாக் கதவத் தட்டி மோட்டார் எங்கன்னு தேடுறதுக்குள்ள அண்டா நெறஞ்சிரும். பக்கத்துல சலாவுதீன் பட்டறை ரம்பந்தான் கைக்குக் கெடச்சுது, மேட்டுல அறுத்ததும் சாக்கடைய இழுக்குறது நின்னுச்சு."

"ஒரு நிமிசம் யோசிச்சிருக்கலாம்லா?"

"யோசிச்சேன். ஷமீமாவ யோசிச்சேன்."

கலை, ஷமீமா அவள் மூத்த மகளின் பிள்ளை. உன் வயசு. உன் கீதா அத்தை கல்யாணத்துக்கு முந்தின மழைக்காலத்தில் கெட்ட தண்ணீர் குடித்து, வாந்தியும் பேதியுமாக ஒரே நாளில் போய்விட்டாள். நானும்தான் பீவி வாசலில் விழுந்து அழுதேன். அந்தப் பிள்ளைக்குக் கடைசியாகப் போட்டிருந்த மஞ்சள் கவுனில் ஒரு பித்தான் இல்லை, அதுகூட நினைவிருக்கிறது. பச்சைச் சேலை நினைவிருக்கிறது, மஞ்சள் கவுன் நினைவிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா பீவி" என்றேன்.

"எப்படிச் சொல்ல? ஒன்ன உள்ள விட்டுட்டு அண்ணன் அண்டாவ எட்டிப் பாத்தாரு. கருப்பா ஒரு சாண் கெடக்கு. அத அப்படியே கவுத்திட்டு எங்கிட்ட வந்து கையெடுத்துக் கும்பிட்டாரு. 'மாப்பிள்ள வீட்டுக்குத் தெரிஞ்சா கல்யாணம் நின்னுரும் தங்கச்சி. இன்னைக்கு ஒருநாள் ஒம் மேல இருக்கட்டும்'னாரு. சரின்னேன். அப்புறம் சொல்லுதேன் சொல்லுதேன்னு வருசத்த ஓட்டிட்டாரு. பாவம், அவருக்கு ஒன்னக் கண்டா பயம். ஒங்கிட்ட ஒருத்தன் மாட்டுனா சாவுற வரைக்கும் விடமாட்டியே. கல்லிக்கே தெரியும் வடிவு. ஒனக்கு மட்டுந்தான் தெரியாது."

கல்லிக்கே தெரியும்! நான் குடத்தோடு பேசினபோதெல்லாம் இவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து உன் தாத்தா படத்துக்கு முன்னால் நின்றேன். மாலையோடு சிரித்துக்கொண்டிருக்கிறார். மாலையைக் கழற்றினேன். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். அங்கேயே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

உன் கேமுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, எழுதிக்கொள். இன்னொன்று. நீ அவனுக்கு அனுப்பியதை உன் அப்பன் போனில் போட்டுக் காட்டினான். ஓட ஒரு பொத்தான், குதிக்க ஒன்று, அடிக்க மூன்று. அந்தத் தலைவியிடம் போய் ஏன் அறுத்தாய் என்று கேட்க ஒன்றுகூட இல்லையே. அவளுக்குக் காரணம் இல்லை என்று குறை சொல்கிறவர்கள், கேட்க வழி வைத்தாயா என்று உன்னைக் கேட்கவில்லையா?

ஸ்வெட்டர் போட்டுக்கொள்.
ஆச்சி


தாராவி
10 டிசம்பர் 2024

கலை,

முந்தைய கடிதம் உன் கைக்கு வருமுன்னே இதை எழுதுகிறேன். உடம்பு விசாரிக்க எனக்கு மனமில்லை.

மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. ஆகஸ்ட் மாதம் நீ எழுதியது: "தாத்தா விடியற்காலையில் மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடிக்கிறார்." ஏதோ கேம் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன்.

மோட்டார் போட்டது எனக்கே மூன்று நாள் முன்னால்தான் தெரியும். உனக்கு யார் சொன்னது?

ஆச்சி


புனே
4 ஜனவரி 2025

அன்புள்ள ஆச்சி,

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. நான் நல்லா இல்லை. நீங்களும் நல்லா இருக்க மாட்டீங்க என்று தெரியும். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

தாத்தாதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். நீங்கள் டீ வாங்கப் போயிருந்தீங்க. "ஒரு நல்ல மனுசிய ஒங்க ஆச்சிக்கு எதிரியாக்கிட்டேன் பிள்ள. எனக்குச் சொல்லத் தைரியம் வரல. நீயாச் சொல்லாத, எம் மேல சத்தியம். ஆனா அவளாக் கேக்கப் போனா, தடுக்காத" என்றார்.

சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டேன். திவசத்துக்கு வந்திருந்தால் தாத்தா படத்துக்கு முன்னால் நீங்கள் பீவி பாட்டியைத் திட்டுவீங்க, அதைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியாது. அதனால்தான் வரவில்லை. வேலை இருக்கு என்று சொன்னது பொய்.

விளையாடினவர்கள் கேட்டது பொய் இல்லை ஆச்சி. உண்மையாகவே கேட்டார்கள். பதில் எனக்குத் தெரியும், எழுத முடியாது. அப்போதுதான் தோன்றியது, அந்தக் கேள்வியை அப்படியே உங்களுக்கு அனுப்பினால் நான் சொன்னதாகாதே என்று. மோட்டார் மட்டும் கை தவறி வந்துவிட்டது. ஷமீமா என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். அவள் பாட்டியைக் கெட்டவளாக வரைந்து காசு வாங்க எனக்கு மட்டும் எப்படி மனசு வந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நீங்கள் சொன்ன பொத்தானை வைத்துவிட்டோம். மேனேஜர் ஒத்துக்கொண்டார், கூட்டமும் தங்கிவிட்டது. தலைவியின் வாசலில் அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்தால் போதும், அவள் பேச ஆரம்பிப்பாள். ஆனால் கையில் குடம் இல்லாவிட்டால் ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. போன வாரம் நிறையப் பேரை உட்காரவைத்தோம். எல்லாரும் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஒருத்தி மட்டும் குடத்தை வைத்தாள்.

என்னோடு இன்னும் எத்தனை வருஷம் பேச மாட்டீங்க? அதை மட்டும் எழுதுங்க.

கலை


தாராவி
19 ஜனவரி 2025

கலைக்கு ஆச்சி எழுதுவது. முழங்கால் தேவலை. பொங்கலுக்கு நீ இல்லாமல் கரும்பு மீந்துபோனது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என் புருஷன், என் பேத்தி, என் கல்லி, எல்லாரும் சேர்ந்து எனக்குப் பயந்திருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் என்ன அடித்தேனா, கடித்தேனா? நினைவு வைத்திருந்தேன், அவ்வளவுதானே?

மூன்றாம் நாள் கதவு தட்டுகிற சத்தம். பீவி. கல்யாணத்துக்குப் பிறகு என் வாசல்படி ஏறாதவள். பொங்கல் கொடுத்தனுப்பின பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம். உள்ளே வந்து சுவரைப் பார்த்தாள்.

"இது யாரு, அய்யாத்துரை அண்ணனா? என்னத்துக்குச் செவுத்தப் பாத்து நிக்காரு?"

"செஞ்சதுக்கு நிக்காரு."

"அறுத்தது நான். பேச்சு வாங்குனது நான். நானே ஒண்ணும் சொல்லல, ஒனக்கென்ன வந்துச்சு?" என்று சொல்லிக்கொண்டே படத்தைத் திருப்பி மாட்டினாள். முந்தானையால் கண்ணாடியையும் துடைத்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாலையை மட்டும் தொடவிடவில்லை. அது அடுத்த திவசத்துக்குப் பார்ப்போம்.

அரிசி டின்னுக்கு அடியிலிருந்து உன் படத்தை எடுத்துக் காட்டினேன். திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணுக்குக் கிட்டே வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "எடது காதுல ஒரு வளையம் கொறையுது. அவகிட்டச் சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன், போட்டுவிடு.

குடத்தைக் கீழே வைத்தாளே ஒருத்தி, அவள் யார், எந்த ஊர் என்று விசாரித்து எழுது.

நீ கேட்டதற்குப் பதில். உன்னோடு பேச மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் போடு. பீவி எடுப்பாள், அவளோடு பேசு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பூனையோடு பேசிக்கொண்டிருப்பேன். உனக்குக் கேட்கும்.

ஆச்சி